ஒன்பதாம் கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

கடன் கிடைத்துவிட்டது. நாற்பத்தெட்டு மாதத் தவணை. என் சம்பளத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே போகும். ஷோரூம் கவுண்ட்டரில் இருக்கும் பெண், "சார், உங்க மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாதான் இது பாஸ் ஆகும்" என்றாள். என் மனைவி தான் ஓட்டும் கூரியர் வேனை டிப்போவில் விட்டுவிட்டு, சீருடையோடே வந்து போட்டாள். பேனாவை வைத்துவிட்டு, "லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்கு மேலே கீழே போனது போதாதாம், இனிமே முன்னாடியும் போகணுமாம்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அறுநூற்று ஐம்பது சிசி பைக், கருநீலம். பன்னிரண்டு வருட ஆசை. சனிக்கிழமை டெலிவரி.

மார்ச் 5, புதன்

நேற்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். கடன் கொடுப்பவர்கள் முழு இன்சூரன்ஸ் கேட்கிறார்கள். அந்தப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி: கடந்த இரண்டு ஆண்டுகளில் மயக்கம், வலிப்பு, நினைவிழப்பு ஏற்பட்டதுண்டா?

கவுண்ட்டர் பெண் வேகமாகப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடலாம்ல சார்?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவளே டிக் போட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பரில் நடந்தது வேறு யாருக்கும் தெரியாது, சோடாவைத் தவிர. சோடா என்னோடு வேலை பார்ப்பவன். கண்ணாடி அவ்வளவு தடிமன், அதனால் அந்தப் பெயர். பதினோராவது மாடிக்கு மேலே மோட்டார் அறையில் இருந்தோம். திடீரென்று ரப்பர் கருகும் நாற்றம். அடுத்து எனக்குத் தெரிந்தது, சோடா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். ஸ்பேனரைப் பிடித்தபடி, எதையோ மெல்லுவதுபோல வாயை அசைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் சுவரைப் பார்த்து நின்றேனாம். எந்த ரப்பரும் கருகவில்லை.

ஒரே ஒரு தடவை. அன்று காலையில் சாப்பிடவில்லை. அதற்குப் பெயர் நினைவிழப்பா? எனக்கென்ன தெரியும், நான் டாக்டரா?

மார்ச் 8, சனி

வண்டி வந்துவிட்டது. அவள் வண்டியைச் சுற்றி வந்து டயரை அழுத்திப் பார்த்தாள், செயினைப் பார்த்தாள், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்பது வருடம் வேன் ஓட்டுகிறவள் அல்லவா. "நல்ல வண்டிங்க" என்றாள். வாகன நிறுத்தத்தில் எங்கள் இடத்தில் அவளுடைய பழைய ஸ்கூட்டர் ஏதோ விருந்தாளி வந்ததுபோல ஓரமாக ஒதுங்கி நின்றது.

மார்ச் 13, வியாழன்

தினமும் வேலைக்கு இதில்தான் போகிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாது.

மார்ச் 20, வியாழன்

சோடா மறுபடியும் கேட்டான், டாக்டரிடம் போனாயா என்று. போனேன், தூக்கம் போதவில்லை என்று சொன்னார் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். நம்பிவிட்டான். நம்பிவிட்டு, குழிக்குள் இறங்கிப் போய்விட்டான். லிஃப்டின் அடியில் அவன், மேலே சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நான். அரை மணி நேரம். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மார்ச் 27, வியாழன்

வந்தது.

சிவப்பு விளக்கில் நின்றேன். ரப்பர் நாற்றம். பிறகு யாரோ என் ஹெல்மெட்டைத் தட்டுகிறார்கள். பின்னால் நாலைந்து வண்டி ஹாரன். லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து, "தம்பி, உடம்புக்கு என்ன? பச்சை விழுந்து மறுபடி சிவப்பே வந்துடுச்சு" என்கிறார். நின்றுகொண்டிருந்ததால் தப்பித்தேன். ஓடிக்கொண்டிருந்தபோது வந்திருந்தால்? வலது பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தவர்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பை வைத்திருந்த ஒரு பெண். கைத்தடியோடு ஒருவர்.

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

பாலிசியை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். பதினேழாம் பக்கம், பொடி எழுத்து. படிவத்தில் சொன்னது உண்மையில்லை என்று தெரிந்தால் பாலிசி முதல் நாளிலிருந்தே செல்லாது. அப்படியென்றால் நான் யாரையாவது இடித்தால் ஒரு காசு வராது. நான் செத்தாலும் வராது. கடன் மட்டும் நிற்கும். யார் கட்டுவது? கூடக் கையெழுத்துப் போட்டவள். சீருடையோடே வந்து, சிரித்துக்கொண்டே போட்டவள்.

சொன்னால் என்ன ஆகும்? வண்டி போகும். லைசென்ஸ் போகும். லிஃப்ட் வேலையில் மயக்கம் வருகிறவனை வைத்துக்கொள்வார்களா? வேலையும் போகும். தவணையை எதைக் கொண்டு கட்டுவது? ஒன்றைத் தொட்டால் எல்லாம் சரிகிறது.

பஸ்ஸில் போகலாம் என்று இருக்கிறேன். வண்டி என்ன ஆச்சு என்று கேட்பாள். கேட்டால் என்ன சொல்ல?

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் அவள்தான் கேட்டாள். வண்டி வாங்கி ஒரு மாதம் ஆகிறது, ஒரு தடவையாவது என்னை ஏற்றிக்கொண்டு போனீர்களா என்று. பத்து நாளாகப் பஸ்ஸில் போகிறேன், சர்வீஸ், பெட்ரோல் விலை என்று தினம் ஒரு காரணம். இன்று வாயில் ஒரு காரணமும் வரவில்லை. ஏற்றிக்கொண்டேன். ஆமாம், ஏற்றிக்கொண்டேன். எழுதும்போதே கை கூசுகிறது.

மெதுவாகத்தான் ஓட்டினேன். ஒவ்வொரு கிலோமீட்டரையும் எண்ணினேன். ஏரிக்கரை சாலை தாண்டி, கிடங்குகள் இருக்கிற இடத்தில், அந்த நாற்றம். பக்கத்தில் யாராவது எதையாவது கொளுத்துகிறார்களா என்று ஒரு நொடி பார்த்தேன். யாரும் இல்லை. ஓரம் கட்டினேன், சாவியைத் திருப்பினேன், ஸ்டாண்டைத் தள்ளினேன். அதுவரை ஞாபகம் இருக்கிறது.

பிறகு அவள் எனக்கு முன்னால் நிற்கிறாள். ஹெல்மெட்டைக் கழற்றியிருக்கிறாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள்.

"என்ன இது?" என்றாள். "நாலு தரம் கூப்பிட்டேன். கண்ணு திறந்திருக்கு, நீங்க இல்ல."

சொல்லிவிட்டேன். டிசம்பர், சிக்னல், படிவம், எல்லாவற்றையும். சாலையோரத்துச் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே. முடித்ததும் அவள் சொன்னாள்.

"டிசம்பர்லேருந்து தெரியும் உனக்கு. தெரிஞ்சே என்னை இன்னைக்குப் பின்னாடி ஏத்திக்கிட்ட."

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் முதல் 'நீ'.

சாவியை என் கையிலிருந்து எடுத்தாள், தானே ஓட்டிக்கொண்டு போவதாக. பாலிசியில் ஓட்டுபவர் என்று என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, நீ ஓட்டி ஏதாவது ஆனால் அதுவும் செல்லாது என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் பார்த்ததில்லை.

"ஓட்டத் தெரிஞ்ச எனக்கு இன்சூரன்ஸ் இல்ல. இன்சூரன்ஸ் இருக்கிற உனக்கு நெனவு இல்ல."

தள்ளினோம். இருநூறு கிலோ, நான்கு கிலோமீட்டர். அவள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டாள், நான் பின்னாலிருந்து. என்னை ஹாண்டில் பக்கமே விடவில்லை. மேட்டில் மூச்சு வாங்க நின்றபோது இரண்டு பேர் தங்கள் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். உதவி வேண்டாம் என்றாள். வீடு வருகிற வரை அவள் பேசியது அந்த இரண்டு பதில்தான்.

ஏப்ரல் 7, திங்கள்

அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தலை முழுக்க ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். இதுவும் வலிப்புதானாம். கீழே விழுந்து கை கால் இழுத்தால்தான் வலிப்பு என்றில்லை என்றார் டாக்டர். மாத்திரை, காலை ஒன்று மாலை ஒன்று. கடைசியாக வந்த நாளிலிருந்து ஒரு வருடம் வராமல் இருந்தால்தான் வண்டியைத் தொட வேண்டும். உயரத்தில் வேலை கூடாது. பின் சீட்டில் உட்காரக்கூட ஆறு மாதம்.

டாக்டர் சொல்லச் சொல்ல அவள் தன் டெலிவரி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஷோரூமுக்குத் தனியாகப் போனேன். ஒன்பதாம் கேள்விக்கு என் பதில் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்ட்டர் பெண்ணுக்கு அதைப் படித்ததும் முகம் வெளுத்துவிட்டது. "சார், டிக் பண்ணது நான்" என்று மெல்லிய குரலில் சொன்னாள். வேலை போய்விடும் என்று பயந்துவிட்டாள். கையெழுத்து என்னுடையது, அதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். மறுபடியும் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, மேலிடத்துக்கு அனுப்பினாள்.

பாலிசி ரத்து. பதினைந்து நாளுக்குள் புதுப் பாலிசி காட்ட வேண்டும், இல்லையென்றால் வண்டியை ஒப்படைக்க வேண்டும். அவர்களாகவே எடுத்து விற்று, பாக்கியை எங்களிடம் வசூலிப்பார்கள். அவர்கள் என்ன விலைக்கு விற்பார்கள் என்று கேட்டேன். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

சூப்பர்வைசர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, திங்களிலிருந்து உதிரி பாகங்கள் அறைக்கு மாற்றுகிறேன், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், சம்மதமா என்றார். வேறு என்ன சொல்வேன்.

சோடாவிடம் நானே போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், போட்டான், மறுபடி கழற்றினான்.

"கீழ குழியில நான் நின்னுட்டிருந்தேன்டா" என்றான்.

அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கத்தியிருக்கலாம்.

ஏப்ரல் 16, புதன்

இன்னும் ஒரு வாரம். பழைய வண்டி வியாபாரி வந்து பார்த்தான். வாங்கிய விலையில் கால்வாசிக்கு மேல் குறைத்துக் கேட்கிறான். ஓடியது நானூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஷோரூமை விட்டு வெளியே வந்தாலே பழசுதான் சார் என்கிறான்.

வீட்டில் பேச்சு இல்லை. மாத்திரை வேளையில் தண்ணீர் டம்ளர் மேசைக்கு வந்துவிடுகிறது. அவள் கொண்டு வந்து வைத்ததை நான் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 19, சனி

கீழே வண்டியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். சாவி போடாமல். ஹாண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். மாடிப்படியில் நின்று பார்த்தேன், கூப்பிடவில்லை. நுனிக்கால்தான் தரையில் படுகிறது. ஒரு தடவை சாய்ந்தது. அவள் இடுப்பைக் கொடுத்து நிமிர்த்திவிட்டாள்.

ஏப்ரல் 21, திங்கள்

இன்று காலை அவளே பேசினாள்.

"வண்டியில்லாம வெறும் கடனைக் கட்டிட்டிருக்க நான் தயாரா இல்ல. என் ஸ்கூட்டரை வித்துடறேன். உன் சம்பளம் குறையுறதுக்கு அது கொஞ்ச மாசம் தாங்கும். டிப்போவுக்கு நான் இதுல போய்க்கிறேன்."

'நீங்க' திரும்பி வரவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன்.

கவுண்ட்டருக்கு இருவரும் போனோம். கடனில் அவள் பெயரும் இருப்பதால் பாலிசியை அவள் பெயரில் எடுக்கலாமாம், ஓட்டுபவர் அவள் மட்டும் என்று. கவுண்ட்டர் பெண் படிவத்தை நீட்டினாள், இவள் வாங்கவில்லை. "நீங்களே ஒவ்வொண்ணா படிங்க. நான் பதில் சொல்றேன்" என்றாள். இருபத்திரண்டு கேள்வி. ஒவ்வொன்றையும் கேட்டு, யோசித்து, சொன்னாள். பின்னால் வரிசை நீண்டது. ஒன்பதாவது வந்தபோது அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் தடுக்கியது. இவள் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு இல்ல" என்றாள்.

ஒன்பது வருடம் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டியவள் என்பதால், பிரீமியம் என்னுடையதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

மே 5, திங்கள்

போல்ட், பெல்ட், கேபிள், பிரேக் ஷூ. நாள் முழுக்க எண்ணிக் கொடுக்கிறேன். சோடா சீட்டை நீட்டுகிறான், சாமானை வாங்கிக்கொள்கிறான், "சரி" என்கிறான்.

ஜூன் 11, புதன்

காலையில் கையில் டம்ளரோடு இருந்தபோது மறுபடியும் வந்தது. அவள் எதிரில் இருந்தாள். முப்பது நொடி என்று கடிகாரம் பார்த்துச் சொன்னாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். எண்ணிக்கை இன்றிலிருந்து மறுபடி ஒன்று.

அழுதேன். அவள் வேனுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் போகவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

இன்று சோடா சீட்டை நீட்டிவிட்டு நகரவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டான். ஒத்துக்கொள்கிறது என்றேன். "டாக்டர் சொன்னாரா, இல்ல நீயே சொல்றியா?" டாக்டர் சீட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்து முழுக்கப் படித்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆறு மாதம் மூன்று நாள். டாக்டர் வெள்ளிக்கிழமை சரி என்று எழுதிக் கொடுத்தார், பின் சீட்டுக்கு மட்டும்.

ஹெல்மெட் வாரை அவளே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறவிட்டாள். இந்தப் பின் சீட் இவ்வளவு உயரம், பிடித்துக்கொள்ள இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வளைவில் நான் பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். "என்கூடவே சாயி" என்றாள். சாய்ந்தேன். வண்டி எவ்வளவு லேசாகத் திரும்பியது.

ஒவ்வொரு சிக்னலிலும் இடது கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தட்டினாள்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

பச்சை விழுந்ததும் கிளம்பினாள். மொத்தம் பதினொரு சிக்னல்.