வாசல் இல்லாத அறைகள்

பாலக்காடு
12.8.1974

அன்புள்ள அம்மாவுக்குப் பூமாரியின் வணக்கம். நான் சுகம். மழையில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது கம்பளியை மறக்காதீர்கள்.

இன்று வகுப்பில் ஒரு புதுப் பாடம். உயிருள்ள எல்லாமே செல் என்னும் சின்ன அறைகளால் ஆனதாம். மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்தேன். நம் எஸ்டேட் லயத்து வீடுகள் போலவே வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. படம் வரைந்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் வைத்துவிட்டேன். டீச்சர் சிரித்துவிட்டார்.

"செல்லுக்கு ஏது வாசல், குட்டி? வேண்டியதெல்லாம் சுவர் வழியாவே போகும், வரும்."

எனக்குப் பக்கத்து வீட்டுச் சோலையம்மா அத்தை நினைவு வந்தது. நாம் இருமினால் போதும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "சுக்குத் தண்ணி வேணுமா புள்ள?" என்பாரே.

மணி அடிக்கிறது, முடிக்கிறேன். கொஞ்சம் சுக்கு அனுப்புங்கள். மூன்று நாளாக லேசான இருமல்தான். இந்த விடுதியில் சுவரெல்லாம் ரொம்பக் கனம், அம்மா.

உங்கள் மகள்
பூமாரி