ஃபர்ஹாவுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டாங்க

லெப்பைக்குடிக்காடு
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சஃப்வானுக்கு அம்மா ஸலாம். அல்லாஹ் கிருபையில இங்க எல்லாருக்கும் உடம்பு நல்லா இருக்கு, மனசுதான் ஒரு நிலையில இல்ல, நீ அங்க வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு துஆ கேட்டுக்கிட்டே இருக்கேன். போன்ல பேசலாம்னா உங்க அத்தா ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கிறாங்க, அதான் நாளைக்கு ஷார்ஜா கிளம்புற ஜபருல்லா மாமா கையில இதைக் குடுத்து விடுறேன்.

பத்தாவது முடிச்ச பிள்ளைகளுக்கு எந்த வேலையில நாட்டம்னு பார்க்க உன் தங்கச்சி ஃபர்ஹா ஸ்கூல்ல போன்லயே கேள்வி அனுப்புனாங்கல்ல, உங்க அத்தா அதைப் பரிச்சைன்னு நெனைச்சுக்கிட்டு, தப்பாப் போட்டா மார்க்கு போயிடும்னு உனக்குப் போன் போட்டு ஒவ்வொண்ணா வாசிச்சாங்க, நீயும் கடையில நின்னுக்கிட்டே ஆமா இல்லன்னு சொன்னே, அவங்க தட்டுனாங்க. நம்ம வூட்டுல ஃப்ரிட்ஜ் வாங்குறதுன்னாலும் வெளிநாட்டுல இருக்குற பிள்ளையைக் கேக்காம நடக்காதே! ஃபர்ஹா பக்கத்துல நின்னு அத்தா அத்தான்னு கையை நீட்டிக்கிட்டே இருந்தா, யாரு காதுல விழுந்துச்சு? வியாபாரம், கணக்குன்னு ரிசல்ட்டு வந்துடுச்சு, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு என் மக காமர்ஸுதான்னு தெருவெல்லாம் சொல்லியாச்சு. திங்கக்கிழமை பிளஸ் ஒன் அட்மிஷன்.

அவ மூஞ்சியப் பார்க்க முடியல தம்பி, சோத்தைப் பிசைஞ்சு வச்சுட்டு எந்திரிச்சுடுறா. பக்கத்து வூட்டு ஆடு குட்டி போட முடியாமக் கத்துனப்ப மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா கூட நின்னு ரத்தத்துக்குப் பயப்படாம குட்டியைத் துடைச்சு எடுத்தவ, பயாலஜி படிச்சு நானும் அப்படி ஆகணும்ங்கிறா. டீச்சர்கிட்ட கெஞ்சி மறுபடி அவ கையாலயே போட வச்சேன், பிராணிகள், வைத்தியம்னுதான் வந்துச்சு. அத்தாகிட்ட காட்டுனா, சஃப்வான் சொன்னது தப்பாவா போகும்ங்கிறாங்க. எனக்கு உக்காந்தா உக்கார முடியல, நின்னா நிக்க முடியல, அடுப்புல பால் பொங்கி வழியிறது கூடத் தெரியல. நீதான் சொல்லணும். அந்தப் பதிலெல்லாம் என்னோடது, தங்கச்சியோடது இல்லன்னு வாயைத் தொறந்து சொல்லு, சரி அத்தா உங்க இஷ்டம்னு வழக்கம்போல மழுப்பிடாதே.

இன்னொண்ணு கேக்கணும். குடும்பத்தை விட்டுத் தூரமாப் போய் வேலை பார்க்கச் சம்மதமான்னு ஒரு கேள்வி இருந்துச்சு, மறுபடி போட்டப்ப ஃபர்ஹா பட்டுன்னு ஆமான்னு தட்டுனா. அதையே அன்னிக்கு அத்தா வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ இல்லன்னு சொன்னே. அத்தாவுக்கு உறைக்கல, அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. எனக்கு அதுலேருந்து தூக்கமே பிடிக்கல.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசும் பரக்கத்தும் தரட்டும். வெறும் வயித்துல டீ குடிக்காதே. ஞாயித்துக்கிழமைக்குள்ள அத்தாவுக்குப் போன் பண்ணிடு, மறந்துடாதே. அங்க இருக்க முடியலன்னா வந்துடு வாப்பா, உங்க அத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்.

உன் அம்மா,
ஜைனம்பு