சாகும்வரை என்று அச்சடித்த பேனர்

ஜூலை 7
பாபநாசத்தில் ஒரு காதுகுத்து, திருவிடைமருதூரில் ஒரு ஆர்ப்பாட்டம். இரண்டுக்கும் என் பந்தல்தான். சாயங்காலம் புகழேந்தி வந்தான். என்னோடு படித்தவன், இப்போது தங்கை மதிவதனியின் புருஷன். "மச்சான், நாளைக்கு வாய்க்கால் கரையில பந்தல் போடணும். உண்ணாவிரதம்."

ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. எங்கள் வாய்க்காலில் மதகு உடைந்து, மண் மேடிட்டு, ஒரு சொட்டு வரவில்லை. நாற்று காய்கிறது. பேனருக்கு வாசகம் எழுதிக் கொடுத்தான்: சாகும்வரை.

எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஐந்து மணிக்குப் பழரசம் குடிப்பார்கள், ஆறு மணிக்கு நான் பந்தலைப் பிரிப்பேன்.

ஜூலை 8
எலுமிச்சை ஜூஸ் கொண்டுபோனேன். புகழேந்தி தொடவில்லை. "எழுதினது வெளையாட்டுக்கா மச்சான்?"

ஜூலை 10
மதிவதனி பந்தல் பக்கமே வர மாட்டேன் என்கிறாள். "பொணமாத்தான் எந்திரிப்பாருன்னா அப்ப வர்றேன். போண்ணே." பேனர் அடித்தது நான். அதை அவள் சொல்லவில்லை.

ஜூலை 12
அவனுக்குக் கண் உள்ளே போய்விட்டது. அதிகாரி ஒருவர் ஜீப்பை விட்டு இறங்காமலே "மனு குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் புகழேந்தி மேல்தான் ஆத்திரம் தாங்கவில்லை. மூங்கில் சுமந்து, பேரம் பேசியே மேலே வந்தவன் நான். கடைசி விலையை முதல் பேச்சிலேயே சொல்லிட்டா அப்புறம் பேச என்னடா இருக்கு?

"நீ செத்தா ரெண்டு நாள் கூட்டம் வரும், மாலை போடுவாங்க. அதுக்கப்புறம் இங்க யாரு உக்காருவா மாப்ள?"

"இப்ப மட்டும் யாரு உக்காந்திருக்கா?"

பந்தல் போட்டேன். வாடகை பேசினேன். உட்கார்ந்தேனா?

ஜூலை 13
விடிந்ததும் நடவுப் பெண்களிடம் போனேன். ஆளுக்கு ஒருநாள் உட்கார்ந்தால் என்ன என்று கேட்டேன். செவ்வந்தி அக்கா சிரித்தார். "ஒருநாள் பட்டினிதானே? மாமியா வீட்டுலயே பயிற்சி எடுத்துட்டோம். நீங்க உக்காருவீங்களா பந்தல்காரரே?" வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மதிவதனியிடம் சொன்னேன். செருப்பை மாட்டினாள். நேரே பந்தலுக்குப் போய்ப் பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிங்க. இன்னைக்கு என் முறை."

"நீ... சாப்பிட்டியா?"

"நீங்க படுத்ததுலேருந்து எங்க சாப்பிட்டேன்? நகருங்க."

அவன் அவளையே பார்த்தான். வெளியே செவ்வந்தி அக்காவும் மற்றவர்களும் யாருக்கு எந்த நாள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் அவன் காதில் விழுந்தது. ஜூஸை அவள் கையால் வாங்கிக் குடித்தான். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி.

பழைய பேனரைக் கழற்றிவிட்டேன். புதிது: தண்ணீர் வரும்வரை.

ஜூலை 17
என் முறை. எதிர்க்கடையில் காதர் மைதீன் கொத்துப் பரோட்டா தட்டுகிறார். ஊருக்கே கேட்கிறது.

"பாய், இன்னைக்கு ஒருநாள் மூடக் கூடாதா?"

"நாளைக்கு நான்தான் உக்கார்றேன் மொதலாளி. அப்ப மூடுறேன்."

ஜூலை 22
அதே அதிகாரி. இன்று ஜீப்பிலிருந்து இறங்கினார். "யார்ட்ட பேசணும்?" என்றார். கூட்டமே எழுந்து நின்றது.

ஜூலை 24
மண் அள்ளும் இயந்திரம் வந்துவிட்டது. மதகுக்குப் புதுப் பலகை. பந்தலை மட்டும் பிரிக்க விடவில்லை செவ்வந்தி அக்கா. "பேனர்ல என்ன போட்டிருக்கு?"

ஜூலை 30
பந்தலைப் பிரித்தோம். புகழேந்தியும் கை கொடுத்தான். தெம்பு இன்னும் முழுசாக வரவில்லை. ஒரு மூங்கிலைப் பிடுங்கினோம். குழியில் தண்ணீர் ஊறி நின்றது. குனிந்து விரலை விட்டுப் பார்த்தான்.

"மொத்தம் வாடகை எவ்வளவு ஆச்சு மச்சான்?"

"அடுத்த மூங்கிலைப் புடி. அதுலயும் ஊறியிருக்கான்னு பாப்போம்."