கார்டில் எழுதாமல் விட்ட பெயர்

கொட்டாஞ்சேனை,
ஜூலை 14.

அன்பு மகன் கிளின்ரனுக்கு,

கனடாவில் நீ சுகபலத்தோடு இருக்க அந்தோனியாரை மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுவது. அடுத்த வரியில் நாங்களும் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இம்முறை அதை எழுதப்போவதில்லை. வட்ஸ்அப் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். உன் அப்பா போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறார், அவர் இல்லாமல் உன்னோடு கதைக்க வழியில்லை. நீ டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வருவதாகச் சொன்னாய் அல்லவா, அதைப் பற்றித்தான் எழுதவேண்டும். வாசித்து முடித்ததும் அப்பாவுக்குக் கோல் எடுத்துவிடாதே.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் கோடிங் சோதனையில் நான் பாஸ். நான் வேலை செய்த கப்பல் கம்பெனியை மூடியபிறகு வீட்டில் சும்மா இருந்தால் யோசித்தே உடம்பைக் கெடுத்துக்கொள்வேன் என்று நீதானே வெள்ளவத்தை வகுப்பில் சேர்த்துவிட்டாய், நான் முடிப்பேன் என்று நீயே நம்பியிருக்கமாட்டாய். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒருத்திதான் ஆன்ரி. டொக்டர்மார் எழுதும் ஒவ்வொரு நோய்க்கும் உரிய எழுத்தையும் எண்ணையும் தடித்த புத்தகத்தில் தேடிப் போடுவதுதான் வேலை. சோதனைக்குப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம், ஆனால் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும், ஆகவே எந்த எழுத்தில் எந்த நோய் என்று மனதில் இருக்கவேண்டும் என்பார் படிப்பிக்கும் ரிம்ஸான் சேர். எனக்கு இருந்தது. சான்றிதழ் வந்துவிட்டது. முதல் படி என்பதால் பெயருக்குப் பின்னால் பழகுநர் என்று ஒரு எழுத்தை ஒட்டியிருக்கிறார்கள், இரண்டு வருடம் வேலை செய்தால்தான் அதை எடுப்பார்களாம். இந்த வயதில் அது ஒரு குறையா என்று வகுப்புப் பிள்ளைகள் ஆறுதல் சொன்னார்கள், நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

இனி மற்றது. மே மாதம் நான் வயிற்று நோவுக்கு ஆஸ்பத்திரி வார்டில் இருந்துவிட்டு வந்த அன்று அப்பா டயக்னோசிஸ் கார்டை என் கையிலேயே தந்தார். பார் புளோறன்ஸ், பயப்படுறமாதிரி ஒண்டும் எழுதேல்ல, வெறும் நம்பர்தான், மகனும் டொக்டரோட கதைச்சவன், சின்ன வீக்கமாம் என்றார். அந்த மனுசனுக்கு நான் படிப்பது ஏதோ கொம்பியூட்டரில் பில் போடும் வேலை என்றுதான் எண்ணம், பக்கத்து வீட்டுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். கார்டை அன்று நான் பார்க்கவில்லை, களைப்பில் அலுமாரியில் வைத்துவிட்டேன். சோதனைக்கு ஐந்து நாள் இருக்கும்போது கிளினிக் திகதி பார்க்க எடுத்தேன். அதில் மருந்தின் பெயர் இருந்தது, இரத்தப் பரிசோதனை இருந்தது, நோய் என்ற இடத்தில் மட்டும் ஒரு சொல்லும் இல்லை. சீ 25.9, கீழே சீ 78.7. புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கவில்லை மகன். ஆனாலும் திறந்தேன், மூன்று தரம் பார்த்தேன். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவியிருக்கிறது. சந்தேகம் என்றால் அந்த எண்ணைப் போடக்கூடாது, உறுதியானால் மட்டும் போடு என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். அன்று சமைத்தேன், அப்பாவுக்குச் சோறு போட்டேன், ஐந்தாம் நாள் போய்ச் சோதனையும் எழுதினேன். வேறு என்ன செய்வது.

கார்டில் பெயரை எழுதவேண்டாம் என்று டொக்டரைக் கெஞ்சியது யார் என்று நான் விசாரிக்கவில்லை, எனக்கு விளங்கும். உன்னில் கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன், இரண்டு நாள் உன் கோலுக்குத் தலையிடி என்று சொல்லிப் படுத்திருந்தேன். பிறகு என் அப்பாவை நினைத்தேன். அவருக்கும் இப்படித்தான் மறைத்தோம், அல்சர் என்று சொல்லி வைத்திருந்தோம். கடைசிக் கிழமையும் எப்ப மகள் எனக்குச் சுகம் வரும் என்று கேட்டார், ஈஸ்டருக்கு முன்னம் வந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். காணித் துண்டைப் பற்றியோ தன் தம்பியோடு இருந்த மனஸ்தாபத்தைப் பற்றியோ ஒன்றும் கதைக்காமலே போய்விட்டார், கதைக்க நேரம் இருக்கிறது என்று அவரை நம்பவைத்தது நான். இருபது வருடமாக அது என் நெஞ்சில் கிடக்கிறது. உனக்கும் அப்படி ஒன்று கிடக்கவேண்டாம்.

எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. மருந்துப் போத்தலின் லேபிளைச் சுரண்டிவிட்டு வைட்டமின் என்று தருகிறார், நானும் வாங்கிக் குடிக்கிறேன். ஹாபரில் முப்பது வருடம் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டிய மனுசன், இப்போது போட்டதை மறந்து தேத்தண்ணிக்கு இரண்டாம் தரமும் சீனி போடுகிறார். நான் சொன்னால் அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். உன் தங்கச்சி ரொஷேல் இரத்மலானையில் இருந்து ஞாயிறுகளில் வருகிறாள், ஆனால் ஏழு மாதக் கைக்குழந்தையோடு அவள் என்ன செய்வாள். அவரைத் தனியே வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டொக்டர் உனக்கு எத்தனை மாதம் என்று சொன்னாரோ எனக்குத் தெரியாது, கோடில் அது இல்லை. ஆனால் ஜூன் மாதம் கட்டிய பாவாடை இப்போது இடுப்பில் நிற்பதில்லை. கண்ணும் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. நத்தாருக்கு வராதே மகன், இப்போதே வா. டிசம்பரில் வந்தால் நீ என்னைப் பார்ப்பாய், நான் உன்னைப் பார்ப்பேனோ தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதை ஒருத்தருக்கும் சொல்லமுடியாமல் இருப்பது நோயைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தேத்தண்ணியோடு நிற்காதே. மாதா உன்னை மடியில் வைத்துக் காக்கட்டும், தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, வேலையிடத்தில் லீவு கேட்கும்போது அம்மாவுக்குச் சுகமில்லை என்று மழுப்பாதே. அம்மாவுக்குக் கான்சர் என்று சொல். எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் அதை வாயால் சொல்லவேண்டும்.

உன்னைக் காணக் காத்திருக்கும் அம்மா,
புளோறன்ஸ் ஒஸ்வால்ட்