கனகசெட்டிக்குளத்தில் ஒரு ரக்பி ஆட்டம்

புதுச்சேரி,
4.3.1982

பிரான்சில், துலூஸ் ஊரில் தபால் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் என் அக்கா மகன் வடிவேலுக்கு மாமன் பலராமன் ஆயிரம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. உலகத்தில் ஒருத்தனும் நம்பாத கதையைச் சொல்லப்போகிறேன் என்று மணக்குள விநாயகர் மேல் சத்தியம் செய்கிறேன்.

உன் நாலு பக்கக் கடிதம் வந்தது. மூணே முக்கால் பக்கம் பிரான்ஸ் ரக்பி அணிக்கு ஒப்பாரி. ரெண்டு ஆட்டம் தோல்வியாம், தாக்குதல் எடுபடவில்லையாம், காரணம் ஒருத்தருக்கும் புரியவில்லையாம். மீதிக் கால் பக்கத்தில், இருபதாம் தேதி பாரிஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டதால் இந்த லீவுக்கு வரவில்லை என்ற சேதி. அந்தக் கால் பக்கத்தை மட்டும் உன் அம்மா ரெண்டு தரம் படிக்கச் சொன்னாள்.

ஒரு தேசமே தவிக்கும்போது நான் சும்மா இருக்கலாமா? கனகசெட்டிக்குளத்துக்குப் போய், முப்பது மீனவர்களை மணலில் நிறுத்தி, உரிக்காத தேங்காயைப் பந்தாகக் கொடுத்தேன். முன்னால் வீசக்கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் தரணும் என்று நீ எழுதிய சட்டத்தைச் சொன்னேன். இது என்னாங்க பெரிய வித்தை, நாங்க கரைவலை இழுக்கிறாப்பலதானே என்று அவர்களில் மண்ணாங்கட்டி என்கிறவன் சிரித்தான். கடலில் விரித்த கரைவலையின் கயிற்றை இழுத்தபடி பின்னோக்கி நடப்பவன், மேட்டை எட்டியதும் கயிற்றை அடுத்தவனிடம் விட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடி மறுபடி பிடிப்பான். ஒருத்தனும் தனியாக இழுப்பதில்லை. பத்தே நிமிஷத்தில் நானூறு புள்ளி! பறந்த மணலில் கடலூர் கலங்கரை விளக்கம் மறைந்து, கப்பல்கள் திசை தெரியாமல் அலறின.

உங்க ஆட்களுக்குப் பலம் குறைவில்லை, மாப்ளே. பந்து வாங்கினவன் வீரமாக ஓடுகிறான். திரும்பிப் பார்த்தால் வாங்கிக்கொள்ள எட்டுகிற தூரத்தில் ஆளில்லை. அப்புறம் அவனைச் சாய்க்க எத்தனை பேர் வேணும்?

அங்கே மீன் வாங்க வந்த உன் அம்மா, கிழவனுக்கு என்ன குதியாட்டம் என்று என்னைத் திட்டி, தேங்காயைப் பிடுங்கி, பதினைந்து பேரைச் சாய்த்து, மரக்காணம் வரை ஓடி அதைத் தரையில் வைத்துவிட்டு வந்தாள். வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வயிற்றில் கட்டியாம். இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன். நெருங்கின சொந்தம் யார், கையெழுத்துப் போடுங்க என்றார்கள். நான்தான் போட்டேன். என் பேரையே ரெண்டு தரம் அடித்து எழுத வேண்டியதாயிற்று. வடிவேலுக்கு எழுதினால் உன் முகத்தில் முழிக்க மாட்டேன், பிள்ளை ஆட்டம் பார்க்கட்டும் என்கிறாள் அக்கா. ஆகவே இதை நான் எழுதவில்லை. உனக்கும் வந்து சேரவில்லை.

இருபதாம் தேதி ஆட்டம் அமோகமாக நடக்கட்டும். நீ இல்லாவிட்டாலும் நடக்கும் என்றே நினைக்கிறேன். நல்லா இரு, ராசா.

இப்படிக்கு,
உங்க ஊர் மரியாதைப்படி முசே பலராமன்

பி.கு. மீனவர்கள், தேங்காய், நானூறு புள்ளி, மரக்காணம் எல்லாம் என் சொந்தச் சரக்கு. அவள் உட்கார்ந்ததிலிருந்து எல்லாம் நிஜம்.