மாதிரி வீட்டுத் தண்ணீர்

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பியிருக்கிறேன். எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். முழங்கால் வலி பரவாயில்லை. போன தடவை போனில் இருமினாயே, அது நின்றதா என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அப்பா போனை வாங்கி மனை விஷயம் பேச ஆரம்பித்துவிட்டார். அங்கே குளிரடித்தால் காதை மூடிக்கொள், யார் சிரித்தால் என்ன, காது உன்னுடையது. மனைக்குப் பணம் அனுப்பாதே. ஏன் என்று இவள் எழுதுவாள். கட்டினவரைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணா, இனிமேல் நான்தான், உன் சுண்டெலி. அம்மா போய்ப் படுத்துவிட்டாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன், முன்னறை விளக்கைப் போட்டால் அப்பா விழித்துக்கொள்வார். அவர் குறட்டை நிற்கும்போதெல்லாம் நானும் பேனாவை நிறுத்துகிறேன், கையெழுத்து விட்டு விட்டு இருந்தால் அதனால்தான். நீ போன பிறகுதான் இங்கே குடிவந்தோம், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். மனை விற்கிற கம்பெனி அப்பாவுக்கு வாடகை இல்லாமல் வீடு கொடுத்தது என்பது உண்மைதான், ஆனால் இது வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி வீடு. கடைசி பஸ் ஸ்டாப்பையும் தாண்டி, கண்ணுக்கு எட்டிய தூரம் மனைக் கல் நட்டிருக்கிறார்கள், தெருக்களுக்குப் பெயர்ப் பலகைகூட இருக்கிறது, வீடுதான் இல்லை. இருக்கிற ஒரே வீட்டில் நாங்கள் இருக்கிறோம். முதலில் யார் குடிவருவது என்று வாங்குகிறவர்கள் தயங்குவார்களாம், ஒரு குடும்பம் இருப்பதைப் பார்த்தால் தயக்கம் போய்விடுமாம், மேனேஜர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அப்பா வேனில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். கொடியில் துணி காய வேண்டும், நான் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்க வேண்டும், அம்மா டீ போட்டுக் கொடுக்க வேண்டும். போன வாரம் ஒரே பாடத்தை வந்தவர்கள் போகும்வரை திரும்பத் திரும்பப் படித்தேன், பரீட்சையில் அதிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை.

தண்ணீர்தான் பிரச்சினை. குடிக்கவும் டீ போடவும் கம்பெனி கேன் தண்ணீர் தருகிறது. மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. சோப்பு நுரைக்காது, பாலில் விட்டால் பால் திரிந்துவிடும், அம்மாவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. சுவரின் அடிப்பாகம் உப்புப் பூத்து உதிர்கிறது. கடைசி வரிசையில் நாலு இடத்தில் தோண்டிப் பார்த்தார்கள், எல்லாம் இதைவிட மோசம், குழியை மூடிவிட்டார்கள். நகரத்துக் குழாய் வரும் என்று நாங்கள் வந்த நாளிலிருந்து சொல்கிறார்கள். பெயிண்டர் வாராவாரம் வந்து சுவரைப் பூசுவார், அதே கையோடு வாசல் போர்டில் புது விலையையும் எழுதுவார். இங்க எனக்கு ரெண்டே வேலைதான் பாப்பா, கீழ உதிர்றதை மறைக்கணும், மேல ஏறுறதைக் காட்டணும் என்று சொல்லிச் சிரிப்பார். அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. நிலம் குட்டி போடாதுன்னு யாருய்யா சொன்னது, இங்க வாரத்துக்கு ஒண்ணு போடுது என்பார்.

வேனில் வருகிறவர்கள் மேனேஜரை விட்டுவிட்டு அப்பாவைத்தான் கேட்பார்கள், டிரைவர் நீங்க வாங்கியிருக்கீங்களா என்று. முதலில் இல்லை என்றுதான் சொன்னார். அன்று யாரும் முன்பணம் கொடுக்கவில்லை, மேனேஜர் திட்டக்கூட இல்லை, வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அப்பா, என் பையன் வெளிநாட்டுல இருக்கான், கடைசி வரிசை மூலை மனை அவனுதுதான் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து வேனை அங்கே நிறுத்தாமல் வருவதில்லை. புல் பிடுங்கினார், கம்பி வேலி போட்டார், மரக்கன்று நட்டார், அது கருகியது, இன்னொன்று நட்டார். பொய்க்குத் தண்ணி ஊத்தினா தழைக்காதுங்க என்று அம்மா சொன்னாள். பொய்யா, மாசக் கடைசியில அவன் பணம் வந்துட்டா உண்மைதானே என்றார். உன்னை அவசரப்படுத்துவது இதற்குத்தான் அண்ணா. உன்னை ஏமாற்ற இல்லை, சொன்ன சொல்லை நிஜமாக்க. ஆனால் அதற்குப் போவது நீ அங்கே இருமிக்கொண்டே சேர்த்த பணம்.

அவருக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. உன் மனை என்று சொல்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸம்மா முன்பணம் கொடுத்திருக்கிறார், தனியாக மகளை வளர்ப்பவர். குடும்பத்தோட குடியிருக்கீங்க, பையனுக்கும் வாங்கியிருக்கீங்க, இதுக்கு மேல என்ன டிரைவரண்ணா சாட்சி வேணும் என்று அந்த நர்ஸம்மா அப்பா முகத்துக்கு நேரே சொன்னார். அன்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. மீதியைக் கட்ட நாளை ஞாயிற்றுக்கிழமை அந்த நர்ஸம்மா வருகிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. விஷயம் வெளியே போனால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள், எங்கே போவது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. அப்பா அடிக்கமாட்டார், பேசுவதை நிறுத்திவிடுவார், அதற்கு அடியே மேல். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிற வழியில் இதைப் போட்டுவிடுவேன். போனில் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே, அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். சண்டையும் போடாதே. அங்க தண்ணி எப்படிப்பா என்று மட்டும் கேள். இத்தனை நாளும் விலையைத்தான் கேட்டாய், அவரும் விலையைத்தான் சொன்னார். நீ நேராகக் கேட்டால் உன்னிடம் அவருக்குப் பொய் வராது.

இன்று சாயங்காலம் நாளைக்கென்று வைத்திருந்த கேன் தண்ணீரை அம்மா வாளியில் கொட்டி எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு முடி முடியாக இருக்கிறது. என்னம்மா இது, நாளைக்கு டீக்கு என்ன பண்ணுவே என்று கேட்டேன். குழாயில வருதே உப்புத் தண்ணி, அதுலதான், இங்க குடிவரப் போறவங்க இங்கத்தத் தண்ணியைக் குடிச்சுப் பார்க்கட்டும், நான் வாயே திறக்கமாட்டேன் என்றாள். பால் திரிந்துபோகுமே என்றேன். திரியட்டும் என்றாள். அப்பாவுக்கும் அதே டீயா என்று கேட்டேன். என் தலையை அழுத்தித் துவட்டிக்கொண்டே, அவருக்குத்தாண்டி முதல் டம்ளர் என்றாள்.

இது உன் கைக்கு வரும்போது அந்த டீயைக் குடித்து முடித்திருப்பார்கள். நாங்கள் எந்த வீட்டில் இருப்போம் என்று தெரியாது, அதனால் பதிலை என் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுது. நோய் நொடி அண்டாமல் நீண்ட நாள் நன்றாக இரு என்று அம்மா எழுதச் சொன்னாள், இருமலுக்கு டாக்டரைப் பார்க்கவும் சொன்னாள். கீழே கோணலாக இருப்பது அவள் கையெழுத்து, நான் என்ன எழுதப்போகிறேன் என்று கேட்காமலே போட்டுவிட்டுத்தான் படுக்கப் போனாள்.

உன் நலமே நினைக்கும்
அம்மா

எழுதியது சுண்டெலி