திருச்சியில் பன்னிரண்டு நிமிஷம்

மந்தைவெளி,
செவ்வாய்

அன்பு மனைவிக்கு,

"பன்னெண்டு நிமிஷத்துல திருச்சியில ரயில் மாற முடியாது, நாளைக்குப் போலாம்" என்றேன். "நீங்க நாளைக்கு வாங்கோ. நான் போகலைன்னா அக்கா ஆபரேஷனுக்கே சம்மதிக்க மாட்டா" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ரயில் கணக்குப் போட்டுக் காட்டியவன் நான். ரயில் நிற்பதற்குள் பெட்டிக்குப் பெட்டி உள்ளேயே நடந்து, மேம்பாலப் படிக்கட்டுக்கு நேராக நிற்கும் பெட்டிக்குப் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ கரூர் வண்டியில் ஏறி உட்கார்ந்து காபியே குடித்தாயாமே!

மறுநாள் காலையில் மயக்க மருந்து ஏறும்வரை அக்கா உன் கையை விடவில்லை என்று அவள் மகன் சொன்னான். நான் சொன்ன ரயில் அன்று மதியம்தான் கரூர் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை நானும் உன் வழியிலேயே வருகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அக்காவிடம் சொல்லாதே, சிரித்தால் தையல் வலிக்கும்.

உன் கணக்கு வாத்தியார்